பொங்கல் கணக்கும் வரைபடமும்: ஒண்ணாப்பு முதல் மூணாப்பு வரை எப்படித் தொடங்குறது?

14 டிசம்பர் 2024

அரையாண்டு லீவு நெருங்குது. டீச்சர்கள் வாட்ஸ்அப் குழுவில் விடுமுறைக் கணக்குத் தாள்கள் வந்து குவியுது. பனிமனிதன், கலைமான், கையுறை. மேலே ஒரு பட்டை வரைபடம், கீழே மூணு கேள்வி: எது அதிகம், எது குறைவு, ரெண்டையும் கூட்டினா எவ்வளவு. பிள்ளை கலர் அடிச்சுக் கொண்டு வந்து குடுத்திரும்.

என் கட்சி இதுதான். கலைமானை எடுத்துட்டுக் கரும்பைப் போட்டா மட்டும் அது நம்ம தாள் ஆகிராது. அந்தப் பட்டைகளை வேற யாரோ எண்ணி, வேற யாரோ வரைஞ்சு முடிச்சாச்சு. ஆறு ஏழு வயசுல வரைபடம்னா முதல்ல தான் எண்ணினது, தான் அடுக்கினது. அச்சடிச்ச பட்டையைப் படிக்கிறதெல்லாம் அதுக்குப் பிறகு. பண்டிகை நாள்ல எண்ணுறதுக்கு நம்ம பக்கம் என்ன குறைச்சல்? உங்க ஊர்ப் பிள்ளைகள் எதை எண்ணும்னு எழுதுங்க. நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒண்ணு முதல் மூணு வரை பார்க்கிறேன். வகுப்பில் நடக்கிறதை அப்பப்போ இங்கே போடுறேன்.

15 டிசம்பர்

"கிறிஸ்துமஸ் தாளை ஏன் குறை சொல்றீங்க, பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் இல்லையா?" இப்படி ஒருத்தர் கேட்டிருக்கார். நல்லாவே இருக்கு. ஊசிக்கோபுரம்னு நாங்க சொல்ற பெரிய சர்ச்சைச் சுத்தின தெருக்கள்ல டிசம்பர் பிறந்தா வாசலுக்கு வாசல் ஸ்டார் தொங்கும். அதை எண்ணச் சொல்லுங்கன்னுதான் நானும் சொல்றேன். அம்மாவோட கடைக்குப் போற வழியில் ஒரே ஒரு தெரு போதும். சிவப்பு எத்தனை, வெள்ளை எத்தனை, பல கலர் மின்னுறது எத்தனை. அப்படி எண்ணிட்டு வந்த பிள்ளைக்குப் படம் வரைய நாம சொல்லவே வேண்டாம், கை தானா பரபரக்கும்.

எண்ணிக் கோடு போடுறதுல ஒரு சிக்கல் உண்டு. அஞ்சாவது கோட்டைக் குறுக்கே போடணும்னு சொன்னா, பல பிள்ளைகள் அஞ்சையும் நிமிர்த்திப் போட்டுட்டு ஆறாவதைக் குறுக்கே போடும். பிறகு கட்டு கட்டா அஞ்சு, பத்து, பதினஞ்சுன்னு எண்ணும்போது கணக்கு உதைக்கும். போர்டில் எழுதி எழுதிக் காட்டினாலும் மனசுல நிக்காது. ஈர்க்குச்சியைக் கையில் குடுங்க. நாலை வரிசையா வை, அஞ்சாவதை மேலே குறுக்கே போடு, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டு. கட்டைக் கையில் பிடிச்ச பிள்ளை தாளில் தப்பாப் போடாது.

15 டிசம்பர், ராத்திரி

மேலப்பாளையத்திலிருந்து எழுதின தங்கச்சிக்கு: ரம்ஜானுக்கு நீங்க சொன்ன யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சது. பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி வாங்கப் போற பிள்ளைகள் எந்தப் பாத்திரத்தோட வருதுன்னு எண்ணுறது. தூக்குவாளி, சொம்பு, டிபன் கேரியர், பிளாஸ்டிக் டப்பா. நாலே வகை, யாருக்கும் குழப்பம் வராது. சின்னப் பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் நாலு வகைக்கு மேல வேண்டாம்.

16 டிசம்பர்

இன்னைக்கு மார்கழி ஒண்ணு. கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

எங்க ஊர்ல இன்னும் சில வீட்டு வாசல்ல கோலத்து நடுவுல சாணி உருண்டை வச்சுப் பூசணிப் பூ சொருகுறாங்க. மாசம் முழுக்க அந்த உருண்டைகளைத் தட்டிக் காயவச்சு, தை மாசம் சிறுவீட்டுப் பொங்கல் (வாசல்ல சின்ன மண்வீடு கட்டிப் பெண் பிள்ளைகள் வைக்கிற பொங்கல்) விட்டு முடிஞ்சதும் ஆத்துல கொண்டு விடுவாங்க. பெண் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய பண்டிகை. அந்த வீட்டுப் பிள்ளைகிட்ட ஒரு நீளத் தாள் துண்டைக் குடுங்க. இந்த வருஷம் மார்கழிக்கு 29 நாள், ஜனவரி 14 அன்னைக்குத் தை பிறந்திரும். நாளுக்கு ஒரு கட்ட அடுக்கா 29 அடுக்கு போட்டு, தினம் காலையில் எத்தனை பூ வச்சோம்னு அத்தனை கட்டத்தை மேல் நோக்கி மஞ்சள் அடிக்கச் சொல்லுங்க. பூ கிடைக்காத நாள் வரும். அன்னைக்குக் கட்டம் வெறுமனே நிக்கும். நிக்கட்டும், அதுவும் விவரம்தான்.

பூ வைக்காத வீட்டிலயும் கோலம் உண்டு. மூணாப்புக்கு இதைக் குடுங்க. ரெண்டு கோலம், ரெண்டுக்கும் நடுவரிசை 7 புள்ளி. ஒண்ணு நேர்ப்புள்ளி, 7-லிருந்து 1 வரை: 1, 3, 5, 7, 5, 3, 1. இன்னொண்ணு ஊடு புள்ளி, அதாவது ரெண்டு புள்ளிக்கு நடுவுல அடுத்த வரிசைப் புள்ளி, 7-லிருந்து 4 வரை: 4, 5, 6, 7, 6, 5, 4. ரெண்டுக்கும் ஏழு ஏழு வரிசைதான். எதுக்குப் புள்ளி கூடன்னு முதல்ல ஊகிக்கச் சொல்லிட்டு, பிறகு எண்ண விடுங்க. நேர்ப்புள்ளிக்கு 25, ஊடு புள்ளிக்கு 37. ஏன்னு கேட்டா, "அதுல ரெண்டு ரெண்டா குறையுது, இதுல ஒண்ணு ஒண்ணாதான் குறையுது"ன்னு பிள்ளைகளே சொல்லும்.

இன்னொண்ணும் செஞ்சு பாருங்க. அந்த 25 புள்ளியை ஓரத்திலிருந்து மாத்தி மாத்தி வெள்ளைப் பொடி, காவிப் பொடின்னு வைங்க. ஒவ்வொரு வரிசையும் வெள்ளையில் தொடங்கி வெள்ளையில் முடியணும். முடிச்சதும் மூலைப் பக்கமா நின்னு சரிவாப் பாருங்க. வெள்ளை நாலு வரிசையில் நாலு நாலா 16, அதுக்கு நடு நடுவே காவி மூணு வரிசையில் மூணு மூணா 9. பெருக்கல் வாய்ப்பாடு தரையில் கிடக்கும். இதை ஒரு மூணாப்புப் பையன் தலையைச் சாய்ச்சு வச்சுக்கிட்டே பார்த்து, "ஏ, சதுரம்ல!"னு கத்தினான். இந்த வேலையில் எனக்கு அதைவிட வேற என்ன வேணும்?

18 டிசம்பர்

பொங்கலை விட்டுக் கொஞ்சம் விலகிப் போறேன். போன வாரமும் தாமிரபரணியில் வெள்ளம். பிள்ளைகள் பேச்செல்லாம் மழைதான். 2023-ல் இதே நாள் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாச்சு. 95-ன்னு வாயால சொன்னா ரெண்டாப்புப் பிள்ளைக்கு அது வெறும் ஒரு எண். டேப்பை எடுத்து வகுப்புச் சுவரில் தரையிலிருந்து அளந்து 95-ல் சாக்பீஸ் கோடு போட்டோம். பிள்ளைகள் ஒவ்வொண்ணா வந்து கோட்டுக்கு முதுகைக் குடுத்து நின்னுச்சு. தோள்பட்டை வரைக்கும் வந்தது. வானத்திலிருந்து விழுந்த தண்ணி ஓடாம அப்படியே நின்னிருந்தா இவ்வளவுன்னு சொன்னேன். வகுப்பே அமைதியாயிட்டு.

பட்டை வரைபடத்தின் உயிரே அதுதான். எண்ணுக்கு உயரம் குடுக்கிறது. உயரத்தை உடம்பால உணர்ந்த பிள்ளைக்கு, பிறகு நோட்டில் 95-ஐ ஒன்பதரைக் கட்டமாச் சுருக்கினாலும் அது என்னன்னு தெரியும்.

19 டிசம்பர்

சங்கரன்கோவில் டீச்சர் ஒருத்தர்: ஒண்ணாப்புக்கே வரைபடம் அதிகம், கூட்டல் கழித்தலே வரலை.

கூட்டல் கழித்தல் வராததுக்கு மருந்தே இதுதான்னு சொல்லுவேன். நம்ம பாடப் புத்தகத்திலேயே தகவல் செயலாக்கம்னு, விவரம் சேர்த்து அடுக்கிப் படிக்கிறதுக்கு, தனி அலகு இருக்கு. 2022 ஜூனில் தமிழ்நாட்டு அரசு தொடக்க வகுப்புகளுக்குத் தொடங்கின எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைகளை நிலை பிரிச்சிருக்கோம். ஒரே வரைபடம் மூணு நிலைக்கும் ஆகும். அரும்புப் பிள்ளை தரையில் பொருளை அடுக்கும், எண்ணும். மொட்டு ரெண்டு வரிசையை ஒப்பிடும். மலர் கேள்வி எழுதும். தனித்தனியா மூணு தாள் நகல் எடுக்க வேண்டாம், ஒரு தரை போதும்.

27 டிசம்பர்

லீவுல வீட்டில் வச்சுச் செய்யலாம்னு கேட்டவங்களுக்கு. முந்திரிக்கொத்து போடுற வீடா இருந்தா வேற எதுவும் வேண்டாம். எங்க வீட்டில் பாசிப்பருப்பு மாவை உருட்டி மூணு மூணா ஒட்டித்தான் மாவுல முக்கிப் போடுவோம். உருண்டை பிடிக்கிறது பிள்ளைகள் வேலை. "எட்டுக் கொத்து வேணும், எத்தனை உருட்டணும்?" மூணாம் வாய்ப்பாடு மனப்பாடம் ஆகாத பிள்ளைகூட மூணு, ஆறு, ஒன்பதுன்னு உருட்டிக்கிட்டே போகும். 25 உருட்டினா ஒண்ணு மிஞ்சும். மிஞ்சினதை வாயில் போட்டுக்கலாம்னு சொல்லிருங்க. மீதி வர்ற கணக்குக்கு அப்புறம் பயமே இருக்காது.

6 ஜனவரி 2025

பனங்கிழங்கு வந்தாச்சு. இன்னைக்கு ஒண்ணாப்பு, ரெண்டாப்பு ரெண்டையும் சேர்த்து உட்காரவச்சு நிஜப் பொருள் வரைபடம்.

பொங்கலுக்கு உனக்கு எது பிடிக்கும்: கரும்பு, பனங்கிழங்கு, வாழைப்பழம், நெல்லிக்காய். பிடிச்சதை எடுத்துத் தரையில் அவங்கவங்க வரிசையில் வைக்கணும். நாலு பிள்ளைகள் கிழங்கை வச்சது. நெல்லிக்காயை ஆறு பேர் வச்சாங்க. தள்ளி நின்னு பார்க்கச் சொல்லிட்டு, இந்த ரெண்டுல எது கூடன்னு கேட்டேன். "கிழங்கு!" வகுப்பு முழுக்க ஒரே குரல். கிழங்கு வரிசை கதவு வரைக்கும் போயிருக்கு, நெல்லிக்காய் ஒரு முழம்கூட இல்லை.

நான் ஒண்ணும் சொல்லலை. ஒரு சின்னப் பிள்ளை போய் எண்ணிப் பார்த்துட்டு, "டீச்சர், நெல்லிதான் கூட, ஆனா குட்டையா கெடக்கு"ன்னு சொன்னா. பெரிய சத்தம், வாக்குவாதம். கடைசியில் ஒருத்தன் சொன்னான்: "தளக்கல்லுக்கு ஒண்ணு வைப்பம்ல." எங்க வகுப்பில் சதுரத் தளக்கல். கல்லுக்கு ஒண்ணா வச்சதும் நெல்லி ஆறு கல், கிழங்கு நாலு கல். எல்லா வரிசையும் ஒரே கோட்டிலிருந்து தொடங்கணும், ஒரு கட்டத்துக்கு ஒண்ணு, நடுவுல இடம் விடக்கூடாது. வரைபடத்தின் சட்டம் எல்லாம் அந்தச் சண்டையிலேயே வந்துட்டு. அச்சடிச்ச தாளில் கட்டம் ஏற்கெனவே சமமா இருக்கும். அதனால ஏன் சமமா இருக்கணும்னு கேட்கவே அங்கே வழி இல்லை.

தளக்கல் இல்லாத வகுப்புக்குச் சாக்பீஸ் கட்டம் போதும்.

7 ஜனவரி

நேத்து எழுதினதுக்கு அடுத்த படி. பொருளை எடுத்துட்டு அந்த இடத்தில் காலித் தீப்பெட்டி. கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தீப்பெட்டி பஞ்சமே இல்லை, மத்தவங்க வீட்டில் சேர்த்து வைங்க. பெட்டி எல்லாம் ஒரே அளவு, அடுக்கினா நிமிர்ந்து நிக்கும். தரையில் படுத்திருந்த வரிசை எழுந்து பட்டை ஆயிரும். பெட்டி மேல பிள்ளை தன் பேரை எழுதி ஒட்டணும். "இது நான்"னு காட்ட ஒரு பெட்டி இருக்கிறது முக்கியம். பிறகு அதைப் பார்த்துக் கட்ட நோட்டில் வரையலாம். பொருள், பெட்டி, கட்டம், கடைசியில் எண். இந்த வரிசையை மாத்தாதீங்க.

8 ஜனவரி

கேள்விகள் பத்தி. "எத்தனை பேர் கரும்பு?" எல்லாரும் சொல்லிருவாங்க. "கரும்பு கிழங்கைவிட எத்தனை கூட?" இங்கேதான் பாதி வகுப்பு நிக்கும். கரும்பு 9, கிழங்கு 4-ன்னா பதில் 9-ன்னு வரும். கூட இருக்கிறது எதுன்னுதான் பிள்ளைக்குக் காதுல விழுது, எத்தனை கூடங்கிறது விழலை. பெட்டி அடுக்கு ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி, ஜோடி சேர்ந்த உயரத்தில் ஒரு ஸ்கேலைப் படுக்க வைங்க. ஸ்கேலுக்கு மேல தலை நீட்டிக்கிட்டு நிக்கிறதை மட்டும் எண்ணு. அஞ்சு. கழித்தல் குறி பிறகு எழுதிக்கலாம்.

1987-ல் ஃபிரான்சிஸ் கர்சியோன்னு ஒரு ஆய்வாளர் வரைபடம் படிக்கிறதை மூணு நிலையாப் பிரிச்சாங்க: உள்ளதைப் படிக்கிறது, உள்ளதுக்கு இடையில் படிக்கிறது, உள்ளதைத் தாண்டிப் படிக்கிறது. நம்ம தாள்கள் எல்லாம் முதல் நிலையோட நின்னுருது. மூணாவதுக்கு நான் கேட்கிறது இப்படி: "நீ சந்தையில் கடை போட்டா நம்ம வகுப்புக்காக எதை நிறைய வாங்கி வைப்ப? பக்கத்து வகுப்புக்கும் அதேதானா?" பதில் எதுவா இருந்தாலும் படத்தைக் காட்டிக் காரணம் சொல்லணும்.

9 ஜனவரி

ஒருத்தர் கேட்டிருக்கார்: யாருமே எடுக்காத வகையை என்ன செய்ய? பிள்ளைகள் அந்தப் பேரையே அழிக்கப் பார்ப்பாங்க. விடாதீங்க. வாழைப்பழத்தை யாரும் எடுக்கலைன்னா அதன் பேர் கீழே இருக்கட்டும், மேலே ஒண்ணும் வேண்டாம். சுழியை, அதாவது பூஜ்ஜியத்தை, கண்ணால் பார்க்கிற இடம் ஒண்ணாப்பில் வேற எங்கே கிடைக்கும்?

10 ஜனவரி

ஒரு படத்துக்கு எத்தனைன்னு வர்ற பட விளக்கப்படம். எடுத்த எடுப்பில் ஒரு படம் 10-னு போகலாம்னு கடையநல்லூர் நண்பர் எழுதியிருந்தார். 10 எழுதச் சுலபம், ஆனா பிள்ளை கண்ணு முன்னால பத்து சேர்ந்து நிக்கிற பொருள் இருக்கணும். நான் ரெண்டுல தொடங்குவேன். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்குப் பெயிண்ட் அடிப்பாங்க. மாடு ஒண்ணு, கொம்பு ரெண்டு, கால் நாலு. ஒரு மாட்டுப் படம் ரெண்டு கொம்புக்குச் சமம்னா, 7 மாட்டுக்கு எத்தனை கொம்பு பெயிண்ட்? ரெண்டுக்குப் பிறகு நேரா 25-க்கே போயிரலாம், நம்ம பக்கத்தில் அது வரும். பனங்கிழங்கு ஒரு கட்டு 25. முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அம்மா சுத்துற பீடிக் கட்டும் 25, ஆயிரத்துக்கு 40 கட்டு. 25, 50, 75, 100-ன்னு அந்தப் பிள்ளைகள் சொல்ற வேகத்தில் நான் அஞ்சாப்பில்கூடக் கேட்டதில்லை. வீட்டு அறிவு அது, வகுப்பில் மதிச்சு எடுத்துக்கணும். பிள்ளையை வேலைக்கு உட்கார வைக்கிறதுக்கு நான் எதிரி, அது வேற விஷயம்.

அரைப் படத்தை இப்போ தொட வேண்டாம். ஒரு மாடு ரெண்டு கொம்புன்னா அரை மாடு என்னன்னு கேட்டுப் பிள்ளைகள் சிரிச்சு உருண்டுரும். அரைக்குப் படி அளவு நல்லா இருக்கும். ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி. பழைய படியும் உழக்கும் ஆச்சி வீட்டில் இருந்தா வாங்கிட்டு வந்து பச்சரிசியை ஊத்தி ஊத்திப் பார்க்கட்டும். அரை, கால் ரெண்டும் அங்கேயே முடிஞ்சது.

12 ஜனவரி

பட்டை வரைபடம் எங்கேயிருந்து வந்ததுன்னு கேட்டவருக்குச் சுருக்கமா: 1786-ல் வில்லியம் பிளேஃபேர் வெளியிட்ட ஒரு வணிகப் படத்தொகுப்பில். ஸ்காட்லாந்து எந்தெந்த நாட்டோட எவ்வளவு ஏற்றுமதி, இறக்குமதி செஞ்சதுங்கிறது அதுல பட்டைகளா இருந்தது. பல வருஷ விவரம் அவர்கிட்ட இல்லை, ஒரே வருஷ விவரம்தான். அதனால காலத்தோட ஓடுற கோட்டை விட்டுட்டுப் பட்டை போட்டார். பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஒரு நாள் விவரத்துக்குப் பட்டை, நாள் நாளா மாறுறதுக்குக் கோடு. ரெண்டாப்புக்குப் பட்டை மட்டும் போதும்.

13 ஜனவரி

நாளைக்குப் பொங்கல். பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் ஒண்ணே ஒண்ணு: உங்க வீட்டுப் பானை பொங்கின நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் கையில் எழுதிக்கோ. கடிகாரம் பார்க்கத் தெரியாத பிள்ளை முள் நிக்கிற மாதிரிப் படம் வரையணும். ஓலை எரிச்சு, பொங்கல் கட்டி (அடுப்புக்கு வைக்கிற மண் கட்டி) வச்சுப் பொங்கினாலும் சரி, கேஸ் அடுப்புன்னாலும் சரி.

கட்டங்கள்: 6 மணிக்கு முன்னால, 6 முதல் 7, 7 முதல் 8, 8-க்குப் பிறகு. அஞ்சாவதா ஒண்ணு: "எங்க வீட்டில் இந்த வருஷம் பொங்கல் இல்லை." இது கட்டாயம் வேணும். துட்டி (சாவு) விழுந்த வீடு இருக்கும், பொங்கல் வைக்காத வீடும் இருக்கும். அந்தப் பிள்ளைக்கும் படத்தில் ஒரு பெட்டி வேணும், கேள்வி கேட்டு அதைத் துருவக் கூடாது.

20 ஜனவரி

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. தீப்பெட்டி அடுக்கு நின்னுச்சு. 6 முதல் 7 வரைக்கும்தான் உசரம். 8-க்குப் பிறகு ரெண்டே பெட்டி, ரெண்டும் ஒரே வளவுக்குள்ள (ஒரே காம்பவுண்டுக்குள்ள) இருக்கிற வீடு. "விறகு நனைஞ்சு போச்சு"ன்னு காரணம் வந்தது. அஞ்சாவது கட்டத்தில் மூணு பெட்டி. யாரும் எதுவும் கேட்கலை.

ஏழு மணிக்குச் சரியாப் பொங்கின பெட்டியை எங்கே வைக்கிறதுன்னு பெரிய பேச்சு. 6 முதல் 7-லா, 7 முதல் 8-லா? பிள்ளைகளே பேசி, 7 தொட்டா அடுத்த கட்டம்னு முடிவு பண்ணிச் சார்ட்டில் அடியில் எழுதிட்டாங்க. பெரிய வகுப்பில் பிரிவு இடைவெளின்னு படிக்கப்போறது இதைத்தான்.

21 ஜனவரி

"பொங்கல் முடிஞ்சா பிறகு என்ன?"ன்னு கேட்டவங்களுக்கு: சிறுவீட்டுப் பொங்கல் இன்னும் இருக்கு. குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு எந்த வேஷம் எத்தனைன்னு எண்ணலாம்: காளி, குறவன், குறத்தி, குரங்கு, போலீஸ். ஆனியில் நெல்லையப்பர் கோயில் தேர் அஞ்சு, முதலாவது, ரெண்டாவதுன்னு வரிசை எண் சொல்லிக் குடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

கண்காட்சிக்குச் சார்ட்டை எப்படி அலங்கரிக்கன்னு கேட்ட டீச்சருக்கு: ஜிகினா, பூ எல்லாம் ஓரத்தில் மட்டும். பட்டை மேல ஒட்டினா உயரம் மறைஞ்சிரும். தலைப்பு பிள்ளை கையெழுத்தில், கீழே வகைகளோட பேர், இடது பக்கம் சுழியிலிருந்து எண்கள், யாரெல்லாம் எண்ணினாங்கன்னு பேர். பார்க்க வர்றவங்ககிட்ட விளக்கம் சொல்ல எண்ணின பிள்ளையையே நிறுத்துங்க.